ஒரே லயத்தில் இரண்டு உடல்கள்

1908 முதல் 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் வரை மூணாறு மலைகளில் ஒரு குட்டி ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் போய்ச் சேரும். அங்கிருந்து பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும். அதே ரோப்வேயில் அரிசியும் பலசரக்கும் மலை ஏறும்.

மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளுக்குச் சோறு எப்போதும் கீழேயிருந்துதான் வந்திருக்கிறது. திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் காட்டுப்பாதையில் நடந்து ஏறியவர்கள் அளந்து கொடுத்த அரிசியில் குடும்பம் நடத்தினார்கள். பெண்கள் நிறைமாதம் வரை கொழுந்து எடுத்தார்கள். அந்தப் பெண்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும்தான் இன்று தேவிகுளம் தாலுகாவின் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் உடலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்த அரிசி மூட்டையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் ஒன்றில் எட்டுப் பத்து வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு வீட்டில் பதினான்கு வயதுப் பெண் குச்சிபோல் இருப்பாள். படியேறினால் மூச்சு வாங்கும், ரத்தசோகை. சுவருக்கு அந்தப் பக்கம் அதே வயதுப் பையனின் பள்ளிக்கூடக் கால்சட்டையை ஆண்டுக்கு இருமுறை பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே ரேஷன் கடை, ஒரே சம்பளம். நாடு முழுவதும் இதே கதைதான். 2016–18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள், 5 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். ஆனால் ரத்தத்தைச் சோதித்தபோது பத்தில் ஒருவருக்கு நீரிழிவின் முன்நிலை தெரிந்தது. எடை கூடியவர்கள் ஐந்து சதவீதம்தான், சர்க்கரை கூடியவர்களோ அதைப்போல் இரு மடங்கு. அப்படியென்றால் ஒல்லியாகத் தெரியும் பிள்ளைகளின் உடலுக்குள்ளும் ஏதோ நடக்கிறது.

அது என்ன என்பதை ஓரளவு விளக்கியவர் புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு அவர் குழு ஒப்பிட்டது. நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை குறைவு, உறுப்புகள் சிறியவை. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வயிற்றிலிருக்கும் சிசுவுக்குப் போதிய உணவு வராதபோது அது மூளையைக் காப்பாற்றுகிறது, கொழுப்பையும் கூடியவரை காப்பாற்றுகிறது. தசையில் சிக்கனம் பிடிக்கிறது. மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு. 2004-இல் யாஜ்னிக் தன்னையும் லண்டன் நண்பர் ஜான் யட்கினையும் ஒரு படத்தில் நிறுத்திக் காட்டினார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ ஒரே அளவு, 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பதின்வயதினருக்கு எடை வரம்பை மேற்கத்திய அளவைவிடக் கீழே வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

பசியின் நினைவு உடலில் தங்குகிறது என்பதற்கு இன்னொரு சான்று நெதர்லாந்தில் கிடைத்தது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவு வரத்தைத் தடுத்தபோது அங்கே கொடிய பஞ்சம். அப்போது கருவிலிருந்தவர்கள் 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்தார்கள். தாய் கருவுற்ற முதல் பாதியில் பஞ்சம் பார்த்திருந்தால், மகனுக்கு உடல் பருமன் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. ஒரு குளிர்காலத்துப் பட்டினிக்கே இந்த விளைவு. தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றோடு பிள்ளை சுமந்த ஒரு சமூகத்தில் பருமனைச் சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுதுவது பெரிய அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

இந்த உடல்களை இன்றைய உணவு வந்து சந்திக்கிறது. காலையில் அம்மா எட்டு மணிக்கு முன்பே மலைக்குப் போயாக வேண்டும். கட்டஞ்சாயா, ஒரு பன் அல்லது வருக்கி, அதோடு பிள்ளை ஜீப் பிடிக்க ஓடும். மதியம் பள்ளிச் சாப்பாடு. நாளில் ஒழுங்கான ஒரே வேளை பலருக்கும் அதுதான். மாலையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் கடை வாசலில் மாலையாகத் தொங்குகின்றன. மூணாறு டவுனுக்குப் போனால் சுற்றுலாப் பயணிகளுக்காக அடுக்கிய சாக்லேட், ஷவர்மா, அல்ஃபாம், குழிமந்தி. அதே தாலுகாவின் வட்டவடையில் கேரட்டும் பீன்ஸும் பட்டாணியும் விளைகின்றன. லாரியில் மலை இறங்கிப் பெரிய சந்தைகளுக்குப் போகின்றன. லயத்துச் சட்டியில் அவை விழுவது கொஞ்சம்தான்.

பாக்கெட் உணவில் என்ன சிக்கல்? 2019-இல் அமெரிக்காவில் கெவின் ஹால் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு. இரண்டிலும் வைக்கப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஒரே அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் தங்களை அறியாமலே தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ கூடினார்கள். வேகவேகமாக விழுங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். மென்மையான உணவு வாயில் கரைந்து இறங்கிவிடுகிறது. போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் ஆகும். பதின்வயதுப் பிள்ளை பாக்கெட்டை ஒரே மூச்சில் காலிசெய்வதற்குப் பிள்ளையின் குணத்தைக் குறை சொல்லத் தேவையில்லை. அந்த உணவு அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

கேரளம் இதைத் தடுக்க ஒருமுறை முயன்றது. 2016 பட்ஜெட்டில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பிராண்டு உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத வரி போட்டார். நாட்டில் அப்படியொரு வரி அதுவே முதல். அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி வந்து அதை விழுங்கிவிட்டது. நோக்கம் நல்லது, ஆனால் தோட்டத்துப் பிள்ளையின் கையிலிருக்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டை அந்த வரி தொடவே இல்லை. 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதி இன்னும் பொருத்தமானது: கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. மலைப்பாதையில் ஒரே கடை, அதுவும் பள்ளி வாசலிலேயே என்றிருக்கும் இடங்களில், கடைக்காரரிடம் பேசி வேர்க்கடலையும் அவித்த சுண்டலும் வாழைப்பழமும் வைக்கச் செய்வது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தால் ஆகக்கூடிய காரியம்.

சம்பளத்தை ஒதுக்கிவிட்டு ஊட்டச்சத்து பேசவும் முடியாது. 2015 செப்டம்பரில் ‘பெண்கள் ஒற்றுமை’ என்று மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த பெண்கள் கேட்டது போனஸும் கூலி உயர்வும். அன்று நாள்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301 ஆனது. பருப்பு, முட்டை, மீன், பழம் எல்லாம் கூலிக் கணக்கிலிருந்துதான் வரவேண்டும். கலோரி மலிவு, சத்து விலை கூடியது. அதனால்தான் கையிருப்பு குறைந்த வீட்டில் பிள்ளை பருமனாகவும் ரத்தசோகையோடும் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது.

இதுவரை சொன்னது பாதி. மறுபாதி, பிள்ளைகள் சாப்பிடாமல் இருப்பது பற்றியது.

பெண் பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடுவது பெரும்பாலும் பன்னிரண்டு வயதை ஒட்டி, ஆண் பிள்ளைகளுக்கு அதற்குச் சுமார் இரண்டு ஆண்டு கழித்து. பெரியவரான பிறகு இருக்கப்போகும் எடையில் ஏறக்குறையப் பாதி இந்தச் சில ஆண்டுகளில்தான் சேர்கிறது. பெண்ணின் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு படிவது நோயல்ல. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் மூளையின் ஹைப்போதலாமஸுக்கு ‘சேமிப்பு போதும், மாதவிலக்கு நடக்கலாம்’ என்று தெரிவிக்கிறது. சேமிப்பு கரைந்தால் மாதவிலக்கு நின்றுபோகும். எலும்பு உறுதி பெறவேண்டிய வயதில் பெறாமல் போகும். ஆக, எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கொஞ்சம் சதை போடுவது உடல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அடையாளம்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாம் வாய் திறக்கிறோம். திருவிழாவுக்கு வந்த மாமா, “என்ன பிள்ள, தண்ணிப்பானை மாதிரி ஆயிட்ட” என்பார். பக்கத்து வீட்டு அக்கா, “ஏட்டி, சோத்தக் குறைடி, நாளைக்குக் கட்டிக்குடுக்க வேண்டாமா” என்பாள். வகுப்பில் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒல்லிப் பிள்ளைக்கும் விடுதலை கிடையாது: “வீட்ல சோறே போடலையா?” எல்லாம் அன்பில் சொல்வதாகவே சொல்பவர்கள் நம்புகிறார்கள். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு என்ன செய்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டயான் நியூமார்க்–ஸ்டெய்னர் 1990-களின் இறுதியில் தொடங்கிய ஆய்வு ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பின்தொடர்ந்தது. எடை குறைக்கப் பட்டினி கிடப்பது போன்ற கேடான வழிகளைக் கையாண்ட பிள்ளைகள், கையாளாத பிள்ளைகளைவிட, ஐந்து ஆண்டு கழித்துப் பருமனாகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. கட்டுப்பாடின்றி அள்ளிச் சாப்பிடும் பழக்கமும் அவர்களிடமே அதிகம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஜார்ஜ் பேட்டன் குழு 14, 15 வயது மாணவர்களை மூன்று ஆண்டு கவனித்து 1999-இல் எழுதியது: கடுமையாக டயட் இருந்த பெண் பிள்ளைகளுக்கு உணவுக் கோளாறு என்ற உளநோய் வரும் வாய்ப்பு 18 மடங்கு, மிதமாக இருந்தவர்களுக்கும் 5 மடங்கு. பருமனுக்கும் பட்டினி நோய்க்கும் ஒரே வாசல் வழியாகப் பிள்ளைகள் போகிறார்கள். அந்த வாசல், தன் உடலைப் பார்த்து வெட்கப்பட்டுச் சாப்பாட்டைக் குறைப்பது.

ஏன் அப்படி? 1944-இன் இறுதியில் அதே மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஓராண்டு தங்கவைத்தார். அதில் 24 வாரம் அரைப்பட்டினி. தங்கள் விருப்பத்தில் வந்தவர்கள், கொள்கைக்காக எதையும் தாங்கக்கூடியவர்கள். சில வாரங்களில் அவர்களின் பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடாகவே ஆனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தட்டை நக்கினார்கள். சிடுசிடுப்பு, சோர்வு, தனிமை. பட்டினி முடிந்த பிறகு வயிறு நிறைந்தாலும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். பலர் பழைய அளவைத் தாண்டிக் கொழுப்பு சேர்த்தார்கள். மன உறுதிக்குப் பெயர்போன ஆண்களையே இப்படி ஆக்கிய பசியை, வளர்ந்துகொண்டிருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை வெல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். காலையில் பட்டினி, மதியம் பாதிச் சோறு, இரவு அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் பானையைத் துழாவுவது, மறுநாள் குற்ற உணர்ச்சி, மறுபடி பட்டினி. இந்தச் சுழலில் சிக்கிய பிள்ளையைத் தீனிப்பண்டாரம் என்று திட்டும்போது சுழல் இன்னும் இறுகுகிறது.

மலைக்காட்டில் இதெல்லாம் எங்கே வரப்போகிறது, நகரத்துப் பணக்காரப் பிள்ளைகளின் நோய் என்று சொல்பவர்களுக்கு ஃபிஜி தீவு ஒரு பதில். அங்கே கட்டான உடலுக்குத்தான் மதிப்பு. மெலிந்தால் கவனிக்க ஆளில்லை போலும் என்று ஊர் கவலைப்படும். நம் ‘பூசினாற்போல’ அழகு மாதிரி. நட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் அப்போதும் மூன்று ஆண்டு கழித்தும் பள்ளி மாணவிகளைச் சந்தித்தார். உணவுக் கோளாறுக்கான கேள்வித்தாளில் ஆபத்தான மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள். ஒரே ஒரு சானல் செய்த வேலை அது. இன்று தோட்டத்துப் பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. ஒருமுறை ‘தொப்பை குறைய’ என்று தேடினால் அடுத்த மாதம் முழுக்க அதே வகை வீடியோக்களை அது ஊட்டும். 2025 மார்ச்சில் வட கேரளத்தில் ஒரு இளம் மாணவி, இணையத்தில் பார்த்த உணவுமுறையைப் பின்பற்றி மெலிந்து இறந்தாள். பசியற்ற உளநோயாக, அதாவது பட்டினி நோயாக, இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பெற்றோர் பார்க்காமல் இல்லை, ஊட்ட முயலாமல் இல்லை. நோய் என்பது தெரியும்போது நேரம் கடந்திருந்தது.

நம் ஊரில் இந்த நோய் வேறு வேடத்திலும் வரும். ‘குண்டாயிடுவேன்’ என்று பிள்ளை சொல்லவே சொல்லாது. வயிறு வலிக்குது, சோறு இறங்கல, சாப்பிட்டதும் குமட்டுது என்றே சொல்லும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு உணவுக் கோளாறோடு வந்த பிள்ளைகளைப் பற்றிய 2007-ஆம் ஆண்டு ஆய்வில் முன்னால் நின்றது மனஅழுத்தத்தால் வரும் வாந்திதான். மந்திரித்துக் கயிறு கட்டியும், அல்சர் மாத்திரை விழுங்கியும் மாதங்கள் போய்விடும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் பருமனையும் உணவுக் கோளாறையும் சேர்த்துத் தடுப்பதற்கு ஒரே அறிக்கை வெளியிட்டது. டயட் இருக்கத் தூண்டாதீர்கள், எடையைப் பற்றிப் பேசாதீர்கள், கிண்டல் செய்யாதீர்கள், சேர்ந்து சாப்பிடுங்கள், உடலைக் கட்டுக்கோப்பாக வைக்க விளையாட்டும் நல்ல உணவும் போதும். அதன் சாரம் இவ்வளவுதான். இதை அப்படியே தோட்டத்தில் இறக்க முடியாது. சேர்ந்து சாப்பிடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்து வேளையாவது குடும்பத்தோடு சாப்பிட்ட பெண் பிள்ளைகளிடம் ஆபத்தான எடைக்குறைப்புப் பழக்கங்கள் குறைவு என்பது நியூமார்க்–ஸ்டெய்னரின் மின்னசோட்டா ஆய்வின் கண்டுபிடிப்பு. ஆனால் இங்கே அம்மாவின் காலையும் மதியமும் தோட்டத்துக்குச் சொந்தம். மிச்சமிருப்பது இரவு மட்டும். டிவியை நிறுத்தி, போனைத் தள்ளி வைத்து, அந்த ஒரு வேளையை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டால் வாரத்துக்கு ஏழு ஆகிறது. அம்மாவும் உட்கார வேண்டும். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அடிச்சட்டியைச் சுரண்டும் அம்மாவைப் பார்த்து வளரும் மகள், பெண் என்றால் குறைத்துச் சாப்பிட வேண்டியவள் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறாள்.

சோறு குறையத் தேவையில்லை; பக்கத்தில் இருப்பது கூடினால் போதும். ஒரு முட்டை, பச்சைப்பயறு, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு, லயத்துக்குப் பின்னால் கிடைக்கும் கீரை. இதே மலைகளின் முதுவர் பழங்குடியினர் கேழ்வரகு விதைத்து உண்டவர்கள். அது ரேஷன் அரிசிக்கு நல்ல துணை. குளிர்பானம் ஒரு கால் லிட்டரில் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை இருக்கும், வயிறோ நிறையாது. வீட்டில் வாங்கி வைக்காமலிருப்பது, பிள்ளையிடம் ‘குடிக்காதே, குண்டாவாய்’ என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். எடையைப் பற்றிப் பெற்றோர் பேசிய வீடுகளில் பிள்ளைகள் அதிகம் டயட் இருந்தார்கள், உணவின் நன்மையைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் குறைவாக இருந்தார்கள் என்று 2013-இல் வெளிவந்த இன்னொரு மின்னசோட்டா ஆய்வு காட்டியது.

பள்ளியில் எடை பார்க்கும் நாளைப் பற்றி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரிசையில் நிறுத்தி எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக எடை பாருங்கள். எண்ணைப் பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள். ஒருமுறை எடுத்த எண்ணைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த எண்கள் போகும் திசை முக்கியம். திடீரென்று மேலே தாவினாலும் கீழே சரிந்தாலும் விசாரிக்க வேண்டும். பருமனான பிள்ளை பத்துக் கிலோ குறைத்து வந்தால் கைதட்டுவதற்கு முன் எப்படிக் குறைந்தது என்று கேளுங்கள். பருமனாக இருந்தவர்களுக்கும் பட்டினி நோய் வரும், பாராட்டு மழையில் அது மறைந்துபோகும்.

கவனிக்க வேண்டியவை: மாதவிலக்கு நின்றுபோவது, எந்நேரமும் குளிர்கிறது என்று ஸ்வெட்டருக்குள் ஒடுங்குவது, தலைசுற்றல், முடி உதிர்வது, மற்றவர்களோடு சாப்பிட மறுப்பது, சாப்பிட்டவுடன் தவறாமல் கழிப்பறைக்குப் போவது, விளையாட்டிலும் படிப்பிலும் பிடிப்பு விட்டுப்போவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி–மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தேனியிலும் கோட்டயத்திலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு உண்டு. மிகவும் மெலிந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் ஒரேயடியாகத் திணித்து ஊட்டுவதும் ஆபத்து. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று உணவு வந்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறும். அதை மருத்துவமனைதான் கண்காணித்துச் செய்ய வேண்டும்.

பட்டினி நோய்க்கான சிகிச்சையில் பதின்வயதினருக்கு இன்று முதலிடம் பெறுவது, 1980-களில் லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. நோய்க்குப் பெற்றோரைக் குற்றம் சாட்டுவதில்லை, பிள்ளையையும் சாட்டுவதில்லை. முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள். எடை தேறத் தேற அந்தப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடமே திரும்புகிறது. பகலில் அம்மாவும் அப்பாவும் மலையில் இருக்கும் வீட்டில் இதை எப்படிச் செய்வது? ஓய்வுபெற்று லயத்தில் இருக்கும் பாட்டி, பக்கத்து வீட்டுச் சித்தி, மதிய உணவு நேரத்தில் ஒரு ஆசிரியை என்று வேளைகளைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் மூவரையும் முதல் சந்திப்புக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அப்போதுதான் தட்டின் முன்னால் மூவரும் ஒரே பேச்சைப் பேசுவார்கள்.